பேரியம் குடிச்சு எக்ஸ்ரே எடுத்தவங்க அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்

வணக்கம், சுங்கை சிப்புட் உறவுகளே. நாலு மாசமா அம்மாவுக்குச் சோறு தொண்டையிலேயே நிக்குது. வர்ற வியாழன் ஈப்போவில் பேரியம் குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுக்கப் போறாங்க. லயத்துல யாரோ "பேரியம்னா எலி மருந்து"ன்னு சொல்லிட்டாங்க. முப்பது வருஷம் பால்மரம் வெட்டின மனுஷி, ராத்திரியெல்லாம் தூங்கலை.

எலி மருந்துல போட்டது பேரியம் கார்பனேட். வயித்து அமிலத்துல கரையும், அதான் விஷம். ஆஸ்பத்திரியில கொடுக்கிறது பேரியம் சல்பேட். அது கரையாது, அப்படியே வெளியே வந்துடும். எக்ஸ்ரே கதிரை மறிக்கிறதால உணவுக்குழாய் வெள்ளையாத் தெரியும்.

கெர்த்தே பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டுற இடத்துல தம்பிக்கு வேலை. இதே பேரியம் சல்பேட்தான், பேரைட்ங்கிற கனிமமா மூட்டை மூட்டையா வந்து, தோண்டுறப்போ கிணத்துக்குள்ள விடுற சேற்றுக் கலவையில சேருதாம். அந்தக் கனம்தான் கீழேயிருந்து வாயு பீறிட்டு வராம அமுக்கும். அவன் கொண்டுவந்த கல்லை அம்மா கையில வச்சேன். "எலுமிச்சம்பழம் அளவுகூட இல்ல, இந்தக் கனம் கனக்குதே!"ன்னாங்க. தண்ணியைவிட நாலரை மடங்கு.

பயம் மட்டும் போகலை. குடிச்சவங்க சொல்லுங்க: சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்குமா? அப்புறம் மலச்சிக்கல் வந்துச்சா? முடிஞ்சா குரல் பதிவா அனுப்புங்க, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.