குறிப்பேட்டில் ஒரே ஒரு முறை வந்த மீன்

என்னிடம் நீல அட்டை போட்ட குறிப்பேடுகள் ஐந்து இருக்கின்றன. முதல் பக்கத்தில் 2009 பிப்ரவரி என்று தேதி இருக்கிறது. தூண்டிலோடு தண்ணீருக்குப் போன ஒவ்வொரு நாளும், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இடம், நீரின் நிறம், நீர்மட்டம் ஏறியதா இறங்கியதா, எந்த ஃப்ளையை, அதாவது இறகால் செய்த போலிப் பூச்சியை, கட்டினேன், எத்தனை மணி நேரம் வீசினேன் என்பதையெல்லாம் அன்றிரவே எழுதிவிடுவது என் வழக்கம். ஃப்ளை ஃபிஷிங்கில் மறக்க முடியாத சந்திப்பு எது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஐந்து குறிப்பேடுகளிலும் ஒரே ஒரு முறை மட்டும் வரும் மீனைப் பற்றியும், அதை நான் சரியாக எழுதி வைக்காமல் போனதைப் பற்றியும் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பெங்களூரு அல்சூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூங்கில் கழி, நரம்பு, தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என்னை ஏரிக்கரைகளுக்கு அழைத்துப்போவார். ஃப்ளை வீசும் தூண்டில் கோலான ஃப்ளை ராடு என் கைக்கு வந்தது 29 வயதில். அமெரிக்காவிலிருந்து திரும்பிய அலுவலக நண்பர் ஒருவர் தன் எட்டாம் எண் ராடை (எண் கூடக் கூட ராடும் லைனும் கனம்) ரீலோடு சேர்த்து எனக்கு விற்றார்.

பழகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. கனம் முழுவதும் தடித்த லைனில் இருக்கிறது. நாம் வீசுவது அந்த லைனைத்தான். ராடைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், முன்னால் பத்து மணிக்கும் பின்னால் ஒரு மணிக்கும் இடையில் கை போய்வர வேண்டும். பின்னால் போன லைன் முழுவதும் நீண்டு விரியும்வரை காத்திருந்து, அதன் பிறகே முன்னால் தள்ள வேண்டும். அந்தக் காத்திருப்பு என் கைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. மர்ஃபி டவுன் பக்கம் ஒரு மைதானத்தில் விடியற்காலையில், ஃப்ளைக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசிப் பழகினேன். இறகுக்குச் சிவாஜிநகரில் ஒரு கோழிக்கடையில் சொல்லி வைத்திருந்தேன். சேவலின் கழுத்து இறகைக் காம்பு முறியாமல் எடுத்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள்.

2009 பிப்ரவரியில்தான் காவிரிக்கு முதல்முறை போனேன். கனகபுரா வழியாகச் சென்று, அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமத்தைத் தாண்டினால் கலிபோரே வரும். காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அப்போது பீமேஸ்வரி, தொட்டமாக்கலி, கலிபோரே என்று மூன்று மீன்பிடி முகாம்கள் இருந்தன. பிடித்த மீனை எடை பார்த்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். பருவமழையில் செம்மண் நிறத்தில் ஓடும் ஆறு தெளிந்து, பாறைகள் தலைகாட்டும் டிசம்பர் முதல் மே வரைதான் எங்களுக்குப் பருவம்.

நாங்கள் தேடிப் போனது மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனை. அதற்குப் பெரும்பாலோர் கேழ்வரகு மாவை உருண்டை பிடித்து முள்ளில் வைப்பார்கள். நான் ஃப்ளை மட்டும்தான் போடுவேன் என்றதும், துணைக்கு வந்த வழிகாட்டி என் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சார், இந்த மீன் நண்டையும் நத்தையையும் தொண்டைப் பல்லால உடைச்சுத் திங்கிறது. இந்த இறகை அது மதிக்கணும்னா, வேகத்தண்ணி மடுவுல விழற இடத்துல போடணும்" என்றார். அவர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணா என்றே கூப்பிடுவேன். இளவயதில் வெடி வைத்து மீன் பிடித்தவர் என்பதை அவரே மறைக்காமல் சொன்னார். முகாம்கள் அப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து வேலை கொடுத்தன. ஆற்றின் ஒவ்வொரு மடுவும் பாறைச் சந்தும் அவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்து அந்த முகாம்கள் செய்தவற்றில் சிறந்த காரியம் அதுதான்.

தண்ணீரைப் படிக்க அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் ஒரு கூழாங்கல். நீரின் விளிம்பைத் தொட்டாற்போல் ஒரு கல்லை வைத்துவிட்டு வீசத் தொடங்குவார். அரை மணி நேரம் கழித்துக் கல் முழுகியிருந்தால் மட்டம் ஏறுகிறது. விளிம்பு கல்லை விட்டு விலகியிருந்தால் இறங்குகிறது. மேலே அணைகளும், சிவனசமுத்திரத்தில் 1902-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய மின்நிலையமும் இருப்பதால், வெயில் காயும் நாளிலும் மட்டம் ஏறி இறங்கும். மட்டம் அசையாமல் நிற்கும் நேரத்தில்தான் மீன் வாய் திறக்கும் என்பது அவருடைய கணக்கு. என் குறிப்புகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன.

முதல் பருவத்தில் பதினொரு நாள் வீசியும் ஒரு மீனும் இல்லை. கரையோர மருத மரங்களில் என் ஃப்ளைகள் பல தொங்கின. இரண்டாம் பருவத்தில், 2010 மார்ச்சில், பழுப்பு நிறச் சேவல் இறகும் உதிர்ந்த மயிலிறகின் இழையும் சுற்றிய ஒரு ஃப்ளையை மீன் எடுத்தது. லைன் நின்றது போலத் தெரிந்து, கல்லில் மாட்டிக்கொண்டது என்று நான் நினைத்த அடுத்த நொடியில் ரீல் கத்தத் தொடங்கியது. மீன் நேராகக் கீழ்நோக்கி ஓடியது. நாங்கள் பாறை பாறையாகத் தாவிப் பின்னால் ஓடினோம். நான்கு கிலோ இருந்தது. துடுப்புகள் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தன. அந்த ஒரு மீனுக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

2011 ஜனவரியில் ஒரு மாலை, சற்று மேலே பரிசலிலிருந்து கேழ்வரகு உருண்டை போட்டுக்கொண்டிருந்த வேறொருவரின் தூண்டிலில் பெரிய மீன் மாட்டியது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அதைக் கரையோர ஆழமில்லாத நீருக்குக் கொண்டுவந்தார்கள். வழிகாட்டி கையசைத்து என்னைக் கூப்பிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, ஒரு கையை வயிற்றுக்கு அடியிலும் மற்றொரு கையை வாலின் அடியிலும் கொடுத்து, மீனின் தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி அவர் தாங்கிக்கொண்டிருந்தார். தலை முடிந்த இடத்திலேயே முதுகு திமிலைப் போல மேலெழும்பியது. செதில் ஒவ்வொன்றும் ஒரு தீப்பெட்டியை மூடிவிடும் அளவு. துடுப்புகளும் வாலும் பழுத்த கிச்சிலிப் பழத்தின் தோல் நிறம். செவுள் மூடி மெல்லத் திறந்து மூட, ஒவ்வொரு முறையும் அவர் கை சற்றே உயர்ந்து தாழ்ந்தது. ஏறக்குறைய பத்து நிமிடம் அப்படியே நின்றோம். பிறகு அது வாலை ஒரு முறை அசைத்து ஆழத்துக்குள் இறங்கிவிட்டது.

"இதுதான் பழைய மீன் சார். நீங்க போன வருசம் பிடிச்சது வந்த மீன்" என்றார். வயதான மீன் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிரவு குறிப்பேட்டில் ஒன்றரை வரி எழுதினேன்: "மாலை 5.40. பக்கத்தில் பெரிய மஹ்சீர். கூன் முதுகு, ஆரஞ்சுத் துடுப்பு." எடை எழுதவில்லை, நீளம் எழுதவில்லை, எந்த மடு என்றுகூட எழுதவில்லை. நான் பிடித்த மீன் இல்லை என்பதுதான் காரணம்.

சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது தடை செய்யப்பட்டு, 2012-ஓடு கலிபோரேயில் மீன்பிடிப்பு நின்றது. அடுத்த ஆண்டு எனக்குத் திருமணம். 2014-இல் மகள் பிறந்தாள். இரவு ஷிஃப்ட் வேலை. ஐந்தாம் எண் ராடு ஒன்றை வாங்கிக்கொண்டு, ஆனேக்கல் பக்கம் ஒரு ஊர் ஏரிக்கு, மீன் குத்தகை எடுத்தவரிடம் அனுமதி கேட்டுப் போக ஆரம்பித்தேன். அங்கே இருந்ததெல்லாம் ஜிலேபி கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத ஏரி இல்லை. ஃப்ளை ஃபிஷிங் செய்பவர்கள் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். கரையோரச் சேற்றில் வட்டமாகக் குழி பறித்துக் காவல் நிற்கும் ஆண் மீனை, நிழல் படாமல் நெருங்கி, நிம்ஃப் என்ற, நீருக்குள் மூழ்கும் சிறிய ஃப்ளையை அதன் முன்னால் மெல்ல இறக்குவது எளிய வேலை அல்ல.

மகளுக்கு நான்கு மாதமாக இருந்தபோது, அந்த ஏரியில் உள்ளங்கை நீளமுள்ள ஒரு ஜிலேபியைத் தூக்கி முள்ளை எடுக்க வாயைத் திறந்தேன். வாய்க்குள்ளிருந்து கடுகளவுக் கண்களோடு குஞ்சுகள் என் விரல்களின் மேல் வழிந்தன. தாய் முட்டைகளை வாயில் வைத்துப் பொரித்து, குஞ்சுகளையும் வாயிலேயே காக்கும் என்று படித்திருந்தேன். ஆனால் அது கையில் நடக்கும்போது வேறாக இருந்தது. கையைத் தண்ணீருக்குள் அப்படியே தாழ்த்தினேன். தாய் அங்கிருந்து ஓடவில்லை. குஞ்சுகள் சிறு புகையைப் போல அதன் தலையைச் சுற்றிக் கூடின. அன்று முதல் ஏப்ரல், மே மாதங்களில் குழிகளின் அருகே நான் வீசுவதில்லை.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அப்பாவும் நானும் வேலியருகில் நின்று பார்த்தோம். கழிவுநீர் சேரும் ஏரியில் இரவு முழுவதும் பாசியும் நுண்ணுயிர்களும் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. விடிவதற்குச் சற்று முன்பு அது மிகக் குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். "சின்ன வயசுல ஒன்ன கூட்டிட்டு வந்தப்ப, இங்க என்னென்ன மீன் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காப்பா?" என்று அப்பா கேட்டார். அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அந்த ஆண்டு முழுவதும் நான் தண்ணீருக்குப் போனது ஆறே நாள்தான். அந்த ஆறும் என் மனைவி சொல்லி அனுப்பியவை. "விடியக்காலைல போயிட்டு எட்டு மணிக்குள்ள வந்துருங்க. மாமாவ நான் பாத்துக்கறேன்" என்பார். திரும்பி வந்ததும் அப்பா இடக்கையால் மீன் அளவைக் காட்டிக் கேட்பார். இல்லை என்று தலையசைத்தால் குறிப்பேட்டைக் காட்டி, எழுது என்று சைகை செய்வார்.

2018 ஜூனில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோதுதான் வழிகாட்டி சொன்னது எனக்கு விளங்கியது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீரும், காவிரியின் துணையாறான அமராவதியில் சேரும் கேரளத்துப் பாம்பாற்றில் முன்பு கண்டறிந்து டோர் ரெமாதேவியி என்று பெயரிட்ட மீனும் ஒரே இனம் என்று, நீலகிரி மாயாற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அதே ஆண்டு அது மிகவும் அருகிவிட்ட இனமாக உலகச் செம்பட்டியலில் சேர்ந்தது. நான் பிடித்த நீலத்துடுப்பு மீன் காவிரியின் மீனே அல்ல. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் 1970-கள் முதல் குஞ்சு பொரித்து வளர்த்து, காவிரியில் கொண்டுவந்து விடப்பட்ட இனம் அது. பழைய மீன், வந்த மீன் என்று அவர் சொன்னது ஒரு சொல்லும் பிசகாத உண்மை.

பழைய மீன் குறைந்து வந்த மீன் பெருகியதைக் கணக்கோடு காட்டிய மற்றொரு ஆய்வு 2015-இல் வந்தது. அதற்கு ஆதாரம் 1998 முதல் 2012 வரையிலான கலிபோரே முகாமின் பதிவேடு: எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், என்ன எடை என்று எழுதி வைத்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு. தடை வந்ததும் அந்தப் பதிவேடும் நின்றது. காட்டைக் காக்கும் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும், ஆற்றில் தினமும் நின்று பார்த்துக்கொண்டிருந்த கண்களை அப்புறப்படுத்திவிட்டு வேறு கண்களை ஏற்பாடு செய்யாமல் போனது பெரிய தவறு என்றே இன்றும் கருதுகிறேன். பெங்களூரில் நாம் 1974 முதல் குடிப்பது அந்த ஆற்றின் தண்ணீரை. நம் வீட்டுக் குழாயில் வரும் ஆற்றில் என்ன வாழ்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரியில், உரிய அனுமதிச் சீட்டோடு குடகில் வால்னூருக்குப் போகிறேன். எதிர்முள் நசுக்கிய ஒற்றை முள்தான் கட்டுகிறேன். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்கிறேன். மற்ற நாட்களில் ஆனேக்கல் ஏரிதான். குறிப்பேட்டில் இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன: துடுப்பின் நிறம், பக்கத்தில் இருப்பவர் பிடித்த மீன்.

உங்களில் 2012-க்கு முன்பு அந்த மூன்று முகாம்களில் ஏதாவது ஒன்றுக்குப் போனவர்கள் இருந்தால், பரணில் கிடக்கும் டைரியையும் பழைய புகைப்படங்களையும் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். துடுப்பின் நிறம் தெரியும் ஒரு படம், பின்னால் தேதி, எந்த முகாம் என்ற குறிப்பு இருந்தாலே போதும். மீன் கிடைக்காத நாட்களின் கணக்கும் வேண்டும். என் ஐந்து குறிப்பேடுகளையும் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறேன். 2011 ஜனவரி மாலையில் அந்தப் பரிசலில் இருந்தவர் இதைப் படிக்க நேர்ந்தால், அந்த மீனின் எடையை மட்டுமாவது சொல்லுங்கள். என் பக்கத்தில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.