ஸ்கார்பரோ ஆர்டி – ஸ்கைட்ரெயின் ஒப்பீடு: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கனடா நகர ரயில்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன், பாதியில் நிற்கிறது.

வான்கூவர் நகர ரயிலான ஸ்கைட்ரெயினும், டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஓடிய ஆர்டியும் (Rapid Transit, விரைவு ரயில்) 1985இல் ஒரே தொழில்நுட்பத்தில் தொடங்கியவை. தண்டவாளங்களுக்கு நடுவே நீளமாக ஓர் அலுமினியப் பட்டை. பெட்டிக்கு அடியிலுள்ள மோட்டார் காந்தவிசையால் அதை உந்த, வண்டி நகரும். வான்கூவர் அதைக் கிளை கிளையாக நீட்டியது (ஆனால் 2009இல் வந்த கனடா லைன் என்ற கிளைக்கு வழக்கமான மோட்டார்தான்!). ஸ்கார்பரோவிலோ கடைசிவரை ஆறே நிலையங்கள். தானாக ஓடக்கூடிய வண்டியில் ஓட்டுநரும் உட்கார்ந்திருந்தார். 2023 ஜூலையில் பெட்டி தடம்புரண்டது, அப்புறம் திறக்கவேயில்லை. இப்போது அதற்குப் பதிலாக மூன்றே நிலையங்களோடு 7.8 கி.மீ. சுரங்கப்பாதை தோண்டுகிறார்கள்.

ஆர்டி தோற்றதற்குச் சிலர் எல்லாப் பழியையும் பனிமேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீட்டாமல், பெட்டிகளை மாற்றாமல் விட்டதுதான் பெரிய காரணம் என்று படுகிறது.

ஸ்கார்பரோக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். குளிர்காலத்தில் ஆர்டி எப்படி ஓடியது? வான்கூவரில் பனி கொட்டும் நாளில் ஸ்கைட்ரெயின் எப்படி? பழைய திட்ட அறிக்கைகள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.