டூர்மலே ஏற்றத்தில் முழங்கால் வலி: கியரை மாற்றுவதா, காலைப் பழக்குவதா?

பெடல்பித்தன்:
வணக்கம். பிரான்சில் துலூஸ் பக்கம் இருக்கிறேன். கோல் டு டூர்மலே மலைக்கணவாயை (2,115 மீட்டர்) சைக்கிளில் கிழக்குப் பக்கம் சாந்த்-மரி-தெ-காம்பானிலிருந்து ஏறிப் பார்த்தேன். முதல் ஐந்து கி.மீ. சுகமாகப் போனது. பனிச்சரிவுத் தடுப்புக் கூரைகள் வரும் இடத்தில் திணறல். மேலே லா மோங்ஜி என்ற ஊரில் முழங்காலின் முன்பக்கம் வலித்ததால் இறங்கிவிட்டேன். சமதளத்தில் நாள் முழுக்க ஓட்டினாலும் இந்த வலி வருவதில்லை. முன்னால் 50, 34 பல் சக்கரங்கள், பின்னால் 11 முதல் 28 பல் வரை, கியர் அமைப்பு ஷிமானோ 105 ஆர்7000. சைக்கிளோடு சேர்த்து எடை 85 கிலோ. கியரை மாற்றுவதா, காலைப் பழக்குவதா?

மலைச்சக்கரம்:
கியர்தான். அந்தப் பக்கம் 17 கி.மீ.க்குச் சராசரி ஏற்றம் 7.3% என்று போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். தொடக்கத்து லேசான சரிவு சராசரியைக் குறைத்துக் காட்டுகிறது. மீதி 12 கி.மீ. 8 சதவீதத்துக்கும் மேல்தான்.

கணக்குப் போடுங்கள்: 8% ஏற்றத்தில் 85 கிலோவை 150 வாட்டில் தள்ளினால் மணிக்கு ஏறக்குறைய 7.5 கி.மீ. உங்கள் மிக லேசான கியர் (முன்னால் 34, பின்னால் 28 பல்) ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, இரண்டரை மீட்டர் நகர்த்தும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 49 மிதி. ஒவ்வொரு மிதியும் மூட்டை தூக்கிப் படியேறுவது மாதிரி. பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்துக்கு 60 ஆகிவிடும்.

பெடல்பித்தன்:
தொழில்முறை வீரர்கள் இதைவிடக் கனமான கியரில் ஏறுகிறார்களே என்று கூட ஓட்டுபவர் கிண்டல் செய்கிறார்.

கிழட்டுச்சைக்கிள்:
அவர்கள் மணிக்கு இருபது கி.மீ. வேகத்தை ஒட்டிப் போகிறவர்கள், அந்தக் கியர் அவர்களுக்குச் சரி. 1910-இல் டூர் டி பிரான்ஸ் முதன்முதலாக இந்த மலைக்கு வந்தபோது ஒக்தாவ் லாபிஸ் சில இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் ஏறினார். அந்த ஆண்டு டூரை வென்றவரும் அவரே. இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் சீட் உயரத்தையும் பாருங்கள். முன்பக்க வலிக்குத் தாழ்ந்த சீட்டும் காரணமாகலாம். ஏற்றினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஓட்டாத நாளிலும் வலித்தால் மருத்துவரிடம் போங்கள்.

மலைச்சக்கரம்:
கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) வாங்கும் முன் பின் டெரெய்லரில் (செயினைப் பல் மாற்றும் கருவி) என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எஸ்எஸ் (குட்டைக் கை வகை) என்றால் 30 பல் வரைதான் தாங்கும், ஜிஎஸ் (நீளக் கை வகை) என்றால் 34 வரை.

பெடல்பித்தன்:
ஜிஎஸ்தான்! 11-34 மாட்டினால் போதுமா?

மலைச்சக்கரம்:
பழைய செயின் நீளம் பத்தாமல் போகலாம். டெரெய்லருக்குள் விடாமல் முன்னால் 50-லும் பின்னால் 34-லும் சுற்றி இழுத்துப் பாருங்கள், முனைகள் சேர்ந்தபின் இரண்டு மூன்று கண்ணியாவது மிஞ்ச வேண்டும். ஷிமானோவின் 11-ஸ்பீட் (பின்னால் 11 பல்சக்கரம் உள்ள) 11-34 கேசட்டை 11-ஸ்பீட் ரோடு சைக்கிள் சக்கரத்தில் ஏற்றும்போது உள்பக்கம் 1.85 மி.மீ. வளையம் ஒன்று போட வேண்டும். அதை விட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும்.