ஆயா பேர் எந்த ரேஷன் கார்டில்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

எங்கள் தெருவில் காப்பீட்டு அட்டை வேண்டுமென்று யார் கிளம்பினாலும் கடைசியில் என்னிடம் வந்து நிற்பார்கள். மகளிர் குழுவில் இருப்பதால் தலையில் விழுந்த வேலை. 2012-லிருந்து அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று பேர். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னமும் அது 2009-ல் வந்த ‘கலைஞர் காப்பீடு’தான். எந்தப் பேரில் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “ஆயா, உம் பேரு எந்த ரேஷன் கார்டுல கீது?”

பாதிப் பேரிடம் இதற்கு நேர் பதில் கிடையாது. “பேரு பெரியவன் கார்டுல, சோறு சின்னவன் ஊட்ல” என்பார்கள். சில கார்டுகளில் இறந்துபோன கணவர்தான் இன்னும் குடும்பத் தலைவர். வீட்டைக் காலி செய்து பெரும்பாக்கம் போனவர்கள் சிலர் கார்டை மட்டும் இங்கேயே பழைய முகவரியில் விட்டிருப்பார்கள். திட்டத்தில் வருஷத்துக்கு ஐந்து லட்சம் என்பது ஆயாவுக்கு அல்ல, குடும்பத்துக்கு. குடும்பம் யாரென்று ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மகன் லாரி ஓட்டி மாதம் 15,000 வாங்கினாலே வரம்பு தாண்டிவிடும். ஆயாவுக்கு முதியோர் உதவித்தொகையைத் தவிர வேறு வரவே இல்லை என்றாலும் அட்டை கிடைக்காது.

பேரை நீக்கித் தனிக் கார்டு வாங்கிவிடலாம் என்று புரோக்கர்கள் ஆசை காட்டுவார்கள். தனியாகக் குடியிருந்து தனி அடுப்பு எரிகிறதென்றால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு செய்தால், விசாரணைக்கு வருபவர் சமையல்கட்டை எட்டிப் பார்த்ததும் கதை முடிந்தது. எனக்கு இந்த விதி மேல்தான் கோபம். அம்மாவைக் கூட வைத்துச் சோறு போடுகிற மகனின் சம்பளம் அம்மாவின் அட்டையைத் தட்டிவிடுகிறது. பேரையே வெட்டிவிட்டு அனுப்பியவனின் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை.

புது அட்டைக்கு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகம் போக வேண்டும். முகாம் நடந்தால் அங்கேயும் பதியலாம். அப்படி ஒரு முகாமுக்குக் காசிமேட்டில் இறால் உரிக்கும் ஓர் ஆயாவைக் கூட்டிப்போனேன். வருமானச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் சரி. கைரேகைதான் விழவில்லை. விரலை மாற்றி மாற்றி வைத்தார், முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், மெஷினில் சிவப்பு விளக்கு மாறவே இல்லை. வருஷக்கணக்காக இறால் ஓட்டில் தேய்ந்த விரல்கள். “நாளைக்கு வாங்க” என்றார் உட்கார்ந்திருந்த பையன். “கண்ண வச்சுப் பாருப்பா” என்று நான் பிடிவாதமாக நின்ற பிறகு கருவிழி மெஷினை எடுத்தார். உடனே பதிவானது. இதைக் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாக எடுக்க மாட்டார்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

அக்கா, எங்க நைனா விஷயம் வேற மாதிரி. கம்பெனியில் ஓய்வு பெற்ற அன்றைக்கே தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. முடிந்தது என்று நினைத்துத்தான் வீட்டில் எல்லோரும் இருந்தோம். உண்மையில் ஐந்து வருஷமாவது காப்பீட்டில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் முன்கூட்டிக் கட்டினால் தொடரலாம். மனைவிக்கும் சேர்த்து. இதை எங்களுக்குச் சொன்னவர் கம்பெனிக்காரர் இல்லை, டீக்கடையில் பார்த்த பழைய யூனியன்காரர். இப்போது அம்மாவும் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில்தான் பார்க்கிறார்.

எழுபது வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்த வய வந்தனா மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வருமானம் பார்ப்பதில்லை. இ.எஸ்.ஐ. இருந்தாலும் வாங்கலாம் என்பது விதி. மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். வயதுக்கு ஆதார்தான் கணக்கு, அங்கேதான் நைனா மாட்டினார். நிஜத்தில் எழுபதைத் தாண்டியவர், ஆதாரில் 66. அந்தக் காலத்தில் ஆதார் எடுத்தவர் ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட வருஷம். பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்தலாம், அதற்கும் சான்று கேட்பார்கள். பள்ளிக்கூடமே போகாதவரிடம் என்ன சான்று இருக்கும்?

கொருக்குப்பேட்டையிலிருந்து:

மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வாசலில் காப்பீட்டுத் திட்ட போர்டு இருந்ததை நம்பி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். உள்ளே போன பிறகு, “போர்டு இதயத்துக்குத்தான், எலும்புக்கு எங்களுக்கு அனுமதி இல்லை, முன்பணம் கட்டுங்க” என்றார்கள். 1800 425 3993-க்கு போன் போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எந்தெந்தச் சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கிறது என்பது தனித்தனியாம். அப்புறம் 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆபரேஷனுக்கு வேண்டிய பிளேட்டு, செயற்கை மூட்டு மாதிரிப் பொருள்களை அந்தக் காப்பீட்டுப் பணத்தில் வாங்குகிறார்கள், அதனால்தான் கேட்கிறார்கள். வார்டுக்கே திட்டத்தின் ஆள் வந்து விவரம் எழுதிக்கொண்டு போனார். எங்களைத் திணறடித்தது மாமியாரின் பேர்தான். ரேஷன் கார்டில் இனிஷியல் கணவருடையது, ஆதாரில் அப்பாவுடையது. வலியில் கத்துகிறவரை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தோம். உடம்பு நன்றாக இருக்கும்போதே இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

இந்த அட்டையில் சுகர் மாத்திரை கிடைக்குமா? அப்பாவுக்கு மாதாமாதம் மெடிக்கலில் காசு போகிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

கிடைக்காதும்மா. இது படுத்துச் சிகிச்சை எடுக்கிறதற்கும் ஆபரேஷனுக்கும் உள்ளது, வெளிநோயாளிச் சீட்டுக்குச் செல்லாது. சுகருக்கும் பிரஷருக்கும் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை அப்பா பேரைப் பதிந்துவிட்டால், தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அளவு பார்த்து மாத்திரை கொடுப்பார். போகும்போது இப்போது சாப்பிடுகிற மாத்திரையின் சீட்டையும் எடுத்துப் போங்கள், அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.