போர்ன்பிளாட்ஸ் ஜெப ஆலயம்: எரிந்ததா, இடித்தார்களா?

எல்பைக்கரை:
ஜெர்மனியில் ஹாம்பர்கின் போர்ன்பிளாட்ஸ் ஜெப ஆலயம், யூதர்களின் தொழுகை இடம், நாஜிகள் யூதர்கள்மேல் பாய்ந்த 1938 நவம்பர் இரவில் எரிந்து சாம்பலானதாம், அதனால் அப்படியே திரும்பக் கட்டவேண்டுமாம். இன்னொரு இழையில் ஒரு அன்பர் அடித்துவிட்டிருக்கிறார். சாம்பலாகவில்லை ஐயா. கண்ணாடியை நொறுக்கினார்கள், உள்ளே சூறையாடினார்கள், தீயும் வைத்தார்கள், ஆனாலும் சுவர் நின்றது. இடித்தது 1939இல். இடிக்கிற செலவையும் யூதச் சமூகத்தின் தலையிலேயே கட்டி, நிலத்தை அடிமாட்டு விலைக்கு நகரம் எழுதி வாங்கிக்கொண்டது. இதைச் சொல்லாமல் என்ன நினைவுகூரல்?

கார்முகில்:
அந்த அன்பர் நான்தான், பெயர் சொல்லியே எழுதலாம். தீ வைத்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் எதற்கு இந்தக் குதி? 1906இல் திறந்த கட்டடம், ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், இன்று இல்லை. திரும்ப வேண்டும் என்று அங்குள்ள யூதச் சமூகமே கேட்கிறது, மத்திய அரசு 6.5 கோடி யூரோ தருகிறது. உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

எல்பைக்கரை:
தீ வைப்பது வேறு, எரிந்து சாம்பலாவது வேறு. வெறிபிடித்த கூட்டம் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டது என்றால் எல்லாருக்கும் வசதி. கோப்பு போட்டு, கையெழுத்து வாங்கி, பட்டப்பகலில் இடித்தார்கள் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவனும் மாட்டுவான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இடித்தார்கள், 1939.

தேன்மொழி:
இருவருமே அந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1988இல் மார்கிரிட் கால் என்ற கலைஞர் கூரை வளைவுகளின் கோடுகளைத் தரையில் கல்லாகவே பதித்துவைத்தார். காலியிடத்தில் அந்தக் கோடுகள்மேல் நடந்தால்தான் எவ்வளவு பெரிய கட்டடம் போயிற்று என்று தெரியும். மேலே கட்டினால் அந்த வெறுமை போய்விடும் என்று எதிர்த்தவர்களில் இஸ்ரேலிய வரலாற்றாளர் மோஷே சிம்மர்மனும் உண்டு, அவர் பெற்றோர் ஹாம்பர்க்காரர்கள். கட்டினால் அந்தக் கல் பதித்த தரை என்னாகும்?

கார்முகில்:
தரைக்கோட்டில் நின்று தொழ முடியுமா அம்மா? டிரெஸ்டனில் ஃப்ராவன்கிர்க தேவாலயத்தை 2005இல் திரும்ப எழுப்பியபோது வெறுமை போயிற்றே என்று யார் அழுதார்கள்? தேவாலயம் என்றால் கட்டலாம், ஜெப ஆலயம் என்றால் காலியிடம் அழகோ?

எல்பைக்கரை:
ஃப்ராவன்கிர்க போரில் குண்டுவீச்சுக்குப் பிறகு விழுந்தது. இது இடிக்கப்பட்டது. 1939.

கார்முகில்:
அந்த வருஷத்தைப் பச்சை குத்திக்கொள்ளுங்கள். திரும்பக் கட்டிய பெர்லின் அரண்மனை பற்றிய இழையிலும் இதே பாட்டுதான், நாற்பது பதில் போட்டு நிர்வாகி பூட்டிய பிறகுதான் ஓய்ந்தீர்கள்.

எல்பைக்கரை:
பூட்டியது உங்கள் வாயால். பழைய பதிவுகள் அப்படியே இருக்கின்றன, போய்ப் படியுங்கள்.

வழிப்போக்கன்:
நடுவில் ஒன்று. அதே ஊரில் பூல் தெருவில் 1844இல் கட்டிய சீர்திருத்த யூத ஆலயத்தின் இடிபாடு இன்னும் நிற்கிறது. 1944இல் குண்டு விழுந்தது. மிச்சமிருந்ததில் வெகுகாலம் கார் பட்டறை நடந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எல்பைக்கரை:
திறந்திருக்கிறேன், என் பழைய இழையைத் தேடுங்கள். இங்கே பேச்சு போர்ன்பிளாட்ஸ். கார்முகில் இன்னும் அந்த 'சாம்பல்' வரியைத் திருத்தவில்லை.

கார்முகில்:
திருத்த மாட்டேன். கட்டி முடித்ததும் வாருங்கள், வாசலில் நின்று பேசுவோம்.

தேன்மொழி:
கல் பதித்த தரை என்னாகும் என்று கேட்டேனே, ஒருத்தராவது பதில் சொன்னீர்களா?

எல்பைக்கரை:
முதலில் 1939ஐ ஒப்புக்கொள்ளட்டும், தரையைப் பிறகு பார்க்கலாம்.