விசார்ட் ஆஃப் ஆஸ்: உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த இடத்தில் பயந்தார்கள்?

நெல்லிமரம்

1939-இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தை எங்கள் ஆறு வயது மகளுக்குப் போன வாரம் போட்டுக் காட்டினோம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இந்தக் கதைக்கு முன்கதையான ‘விக்கெட்’ படத்தைப் பார்த்துவிட்டுப் பச்சை முகச் சூனியக்காரியைப் பற்றியே பேசுகிறார்களாம். சரி, கதை தொடங்கிய இடத்தை முதலில் பார்க்கட்டும் என்று நினைத்தோம். கான்சாஸ் பண்ணைச் சிறுமி டாரதியையும் அவள் நாய் டோட்டோவையும் சூறாவளி வீட்டோடு தூக்கி ஆஸ் என்ற மாய நாட்டில் போட்டுவிடும். வீடு திரும்ப வழி கேட்டு, சோளக்கொல்லைப் பொம்மை, தகர மனிதன், சிங்கம் என்று மூன்று நண்பர்களோடு மரகத நகரத்து மந்திரவாதியைத் தேடிப் போவாள்.

சூனியக்காரியைப் பார்த்து அலறுவாள் என்று ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. “அது ஒட்ட வைச்ச மூக்குதானே?” என்று கேட்டுவிட்டுப் பாப்கார்னைத் தொடர்ந்தாள். பறக்கும் குரங்குகள் கூட்டமாக வந்து டோட்டோவைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் என் பக்கம் நகர்ந்தாள். உண்மையிலேயே அவளை உலுக்கியது வேறு இடம். டாரதியைக் கோட்டையில் அடைத்து, மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவாள் சூனியக்காரி. அப்போது பளிங்கு உருண்டைக்குள் டாரதியின் அத்தை, ‘எம்’ என்று பெயர், தெரிவார். “டாரதி, எங்கே இருக்கிறாய்?” என்று தேடுவார். டாரதி கத்துவது அவருக்குக் கேட்காது. அப்படியே அத்தையின் முகம் மறைந்து சூனியக்காரியின் முகம் வரும், அத்தையின் குரலைப் போலவே பேசிக் கேலி செய்யும். என் மகள் அங்கேதான் அழுதாள். படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

அழுகை பத்து நிமிடத்தில் போய்விட்டது. கோபம்தான் இன்னும் போகவில்லை. கடைசியில் டாரதி கட்டிலில் கண் விழிக்க, கனவு கண்டாய் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தக் கோபம். “அப்ப சிங்கம் இல்லவே இல்லையா?” என்று மறுநாள் காலைவரை கேட்டாள். உங்கள் வீட்டில் எப்படி? எந்த வயதில் காட்டினீர்கள், எந்த இடத்தில் பயந்தார்கள், அந்தக் கனவு முடிவை யாராவது ஒத்துக்கொண்டார்களா?


கோதுமைக்காடு

நான் இருப்பது கான்சாஸ். இங்கே வந்து சேர்ந்த புதிதில் ஊரிலிருந்து போன் செய்த நண்பர்கள் எல்லோரும் ஆஸில் வந்து இறங்கியதும் டாரதி சொல்லும் அந்த ‘நாம் இப்போது கான்சாஸில் இல்லை’ வசனத்தைச் சொல்லாமல் போனை வைத்ததில்லை. உள்ளூர்க்காரர்கள் அதைக் கேட்டு மரியாதைக்காகச் சிரித்துவைப்பார்கள், அவ்வளவுதான்.

என் மகன்கள் இருவருக்கும் சூனியக்காரி ஒரு பொருட்டே இல்லை. பயந்தது சூறாவளிக்கு. மற்ற மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அது கதையில் வரும் காற்று. இவர்களுக்குப் பள்ளியில் அதற்கென்று பயிற்சி உண்டு. தலையைக் கையால் மூடிக்கொண்டு சுவர் ஓரமாகக் குனிந்து உட்கார வேண்டும். மாதம் ஒருமுறை ஊர் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஆகவே டாரதி ஓடி வந்து நிலவறைக் கதவைக் காலால் தட்ட, உள்ளே இருப்பவர்களுக்கு அது கேட்காமல் போகிற காட்சியில் என் பெரியவன் எழுந்து நின்றுவிட்டான். “ஏன் கதவைத் திறக்க மாட்டேங்கிறாங்க?”

எனக்குப் படத்தில் அதிகம் பிடித்ததும் அதே சூறாவளிதான். கணினி வித்தை எதுவும் இல்லாத காலம். முப்பத்தைந்து அடி நீள மஸ்லின் துணியைக் கூம்பாகத் தைத்து, மேலே ஓடும் கிரேனில் தொங்கவிட்டுச் சுழற்றி, தூசியை ஊதி எடுத்திருக்கிறார்கள். நிஜச் சூறாவளியைத் தொலைவிலிருந்தேனும் பார்த்தவன் சொல்கிறேன், வயலைத் தாண்டி அது அசைந்து அசைந்து வருகிற விதம் அப்படியே இருக்கிறது.

இந்தப் பக்கம் வந்தால் வமேகோ என்ற சின்ன ஊரில் ஆஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஒரு விஷயம் மட்டும்: எழுதிய எல். ஃபிராங்க் பாம் கான்சாஸ்காரர் இல்லை. 1888 முதல் 1891 வரை தெற்கு டகோட்டாவின் அபர்டீனில் கடையும் பத்திரிகையும் நடத்தி, மழை பொய்த்த ஆண்டுகளில் நொடித்துப்போனவர். புத்தகத்தின் முதல் பக்கத்தில் வீடு, புல், அத்தையின் கண் என்று எல்லாமே சாம்பல் நிறமாக இருப்பது அங்கே பார்த்ததுதான் என்பது என் எண்ணம். எங்கள் ஊர் அத்தனை மோசம் இல்லை!


பழைய ஆன்டெனா

நெல்லிமரம், உங்கள் மகளைவிட நான் அதிகம் ஏமாந்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்படிப்புக்காகச் சிகாகோ வந்தேன். அந்தக் காலத்தில் இந்தப் படத்தை நினைத்தபோது பார்க்க முடியாது. 1956-இல் முதல்முறை தொலைக்காட்சியில் போட்டார்கள். 1959-இலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை என்று வழக்கமாகிவிட்டது. அன்று மாலை தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவும் சீக்கிரமே சமைத்து முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் அறையில் இருந்தது யாரோ விட்டுப்போன கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதில்தான் முதல்முறை பார்த்தேன். படத்தில் கான்சாஸ் மட்டும் பழுப்பு, ஆஸ் முழு வண்ணம். எனக்கோ கான்சாஸும் சாம்பல், ஆஸும் சாம்பல். மரகத நகரத்தில் ஒரு குதிரை வண்டி வரும். குதிரையின் நிறம் மாறிக்கொண்டே இருப்பதாக எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம் வெளுத்த குதிரை, கொஞ்சம் கறுத்த குதிரை. இதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு வீட்டுக்காரம்மாவின் வண்ணப் பெட்டியில் பார்த்தபோது டாரதி கதவைத் திறந்தாள், நான் பேச்சற்றுப்போனேன். அந்தக் குதிரை ஊதாவாகவும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் வருகிறது! சாயத்துக்குப் பதில் ஜெலட்டின் இனிப்புத் தூளைக் கரைத்துப் பூசியிருக்கிறார்கள். படப்பிடிப்பு முடிவதற்குள் குதிரைகள் அதை நக்கித் தீர்க்கப் பார்த்தன என்று பின்னால் படித்தேன்.

அந்தக் கதவுக் காட்சியை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? முழுக்க வண்ணப் படச்சுருள்தான். வீட்டின் உள்பக்கத்தையே பழுப்பாக வண்ணம் அடித்து, டாரதியாக நடித்த ஜூடி கார்லண்டுக்குப் பதிலாக நிற்கும் பெண்ணுக்கும் பழுப்பு உடை உடுத்தி, கதவைத் திறக்க வைத்தார்கள். நாம் பார்ப்பது அவளுடைய முதுகு. அவள் ஒதுங்கியதும் நீலக் கட்டம் போட்ட உடையோடு கார்லண்ட் வெளியே நடக்கிறார். இன்றைக்கும் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒரு நிமிடத்துக்காகப் படத்தின் எல்லாக் குறைகளையும் மன்னிப்பேன். கனவு முடிவு உட்பட.


தூக்கணாங்குருவி

எல்லோரும் புகழ்கிறீர்கள். எனக்குப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பாட்டு அதிகம். டாரதி சின்னப் பிள்ளை என்கிறார்கள், திரையில் பதினாறு வயதுப் பெண் நிற்கிறார். டாரதி முதலில் வந்து இறங்கும் மன்ச்கின் ஊரில் வரவேற்பு, ஊர்வலம், வீடு விழுந்து செத்த சூனியக்காரிக்குச் சாவுச் சான்றிதழ் வாசிப்பு என்று போய்க்கொண்டே இருக்கிறது. என் மகன் அங்கேயே தூங்கிவிட்டான்.


பழைய ஆன்டெனா

தம்பி, படத்தில் பாட்டு அதிகம் என்று தமிழில் எழுதுகிறீர்கள், கொஞ்சம் யோசியுங்கள்! முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு ‘ஓவர் தி ரெயின்போ’ பாட்டையே வெட்டிவிடப் பார்த்தார்கள். கான்சாஸ் பகுதி இழுக்கிறதாம், பெண் மாட்டுத் தொழுவத்தில் நின்று பாடுவதாம். கடைசியில் அதற்குத்தான் ஆஸ்கார் கிடைத்தது.


நூலகப் பூனை

புத்தகத்தை முதலில் படித்துவிட்டுப் படத்துக்கு வந்தவள் நான். அதனால் என் புகார்ப் பட்டியல் நீளம். 1900-இல் வந்த புத்தகத்தின் முன்னுரையில் பாம் ஒன்று சொல்கிறார்: பழைய தேவதைக் கதைகளில் இருக்கும் மனவேதனையையும் கெட்ட கனவையும் நீக்கிவிட்டு, வியப்பையும் மகிழ்ச்சியையும் மட்டும் வைத்திருப்பதாக. உள்ளே போய்ப் பார்த்தால் தகர மனிதன் கோடரியால் நாற்பது ஓநாய்களின் தலையை வெட்டுகிறான். சோளக்கொல்லைப் பொம்மை நாற்பது காக்கைகளின் கழுத்தைத் திருகுகிறது. தகர மனிதனே முன்பு சதையும் ரத்தமுமாக இருந்த விறகுவெட்டி. மந்திரம் போட்ட கோடரி அவன் கை, கால், தலை என்று ஒவ்வொன்றாக வெட்ட வெட்ட, தகரத்தில் செய்து மாட்டிக்கொண்டவன்.

இதையெல்லாம் என் அக்கா மகளுக்கு இரவில் படித்துக் காட்டியிருக்கிறேன். கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். பாம் இதைச் சந்தைக்குப் போய் வந்த கணக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போவதால் குழந்தைக்கு அது உறைப்பதில்லை. படம் ஓநாய், காக்கை எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. ஆனால் புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயத்தில் பெரிதாக வந்து செத்துப்போகும் ஒற்றைக்கண் கிழவியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை துரத்த வைத்தது. பச்சை முகம் படம் கொடுத்தது. புத்தகத்தில் அவளுக்குப் பச்சை நிறமே கிடையாது.

படத்தில் டாரதி போடும் சிவப்புக் கல் காலணி புத்தகத்தில் வெள்ளிக் காலணி. அவள் நடக்கும் மஞ்சள் பாதையில் வண்ணத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று மாற்றினார்கள். இதில் எனக்குச் சண்டை இல்லை, அழகாகத்தான் இருக்கிறது. மரகத நகரத்தை மாற்றியதில்தான் சண்டை. புத்தகத்தில் நகரத்துக்குள் நுழைகிற எல்லோர் கண்ணிலும், டோட்டோ உட்பட, பச்சைக் கண்ணாடியை மாட்டிப் பூட்டிவிடுவார்கள். ஊர் மற்ற ஊர்களைவிட அப்படி ஒன்றும் பச்சை இல்லை, கண்ணாடிதான் பச்சை. மந்திரவாதி எப்பேர்ப்பட்ட ஏமாற்றுக்காரர் என்பதற்கு அதைவிட நல்ல இடம் கதையில் இல்லை. படத்தில் ஊரே பச்சையாக நிற்கிறது.

கனவு விஷயத்தில் நெல்லிமரத்தின் மகள் பக்கம்தான் நான். புத்தகத்தில் டாரதி போனது நிஜம், திரும்பியதும் நிஜம். வீடு பறந்துபோய்விட்டதால் மாமா புது வீடு கட்டிக்கொண்டிருப்பார். அவள் புல்வெளியில் வந்து விழுவாள்.


கோதுமைக்காடு

கனவுக்காக ஒரு வார்த்தை. பண்ணையில் வேலை செய்யும் மூன்று பேர்தான் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் சிங்கமாகவும் வருகிறார்கள். நாயைப் பிடித்துப்போகும் மிஸ் கல்ச்தான் சூனியக்காரி. குறிசொல்கிறவர்தான் மந்திரவாதி, இரண்டாகவும் நடிக்கும் ஃபிராங்க் மார்கன் அதே படத்தில் வாயில்காப்பவர், வண்டிக்காரர் என்று மொத்தம் ஐந்து வேடம் போட்டிருக்கிறார். கனவு என்று வைத்தால்தான் இந்த முகங்களுக்கு அர்த்தம் வருகிறது. என் சின்னவன் அதை ஒத்துக்கொண்டான். ஆனால் உடனே கேட்டான்: “கனவுன்னா அந்த மிஸ் கல்ச் சாகலையே? மறுபடியும் டோட்டோவைப் பிடிக்க வருவாளே?” நாயைக் கொண்டுபோக அவள் ஷெரிஃபிடமிருந்து உத்தரவு வாங்கி வந்திருந்தாள், நினைவிருக்கிறதா? அது என்ன ஆயிற்று என்று படம் சொல்லவே இல்லை. அன்றைக்கு இரவு அவன் பயந்தது அந்தக் காகிதத்துக்கு.


வண்ணப்பென்சில்

டொராண்டோவில் மழலையர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளில் சிலருக்குச் சூனியக்காரி பெரிய பயம்தான், எல்லோரும் நெல்லிமரம் அக்காவின் மகள் மாதிரி இல்லை. அவர்களுக்கு நான் ஒன்று செய்வேன். சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் நடிக்க வருவதற்கு முன்பு மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தன்னைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படுவது அவருக்கு வருத்தமாகவே இருந்திருக்கிறது. 1975-இல் மிஸ்டர் ரோஜர்ஸ் என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்து, நட்பாகப் பேசியபடியே அந்தக் கறுப்புப் பாவாடை, மேலங்கி, தொப்பி என்று ஒவ்வொன்றாக அணிந்து காட்டினார். அந்தக் காணொளியைப் போட்டால் பிள்ளைகள் பாட்டியம்மா சூனியக்காரி ஆவதைச் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். வேடம் போட்டு முடித்த முகத்தைக் காட்டுவதைவிட, வேடம் போடுவதைக் காட்டுவது வேலை செய்கிறது. அடுத்த ஆண்டே ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற இன்னொரு குழந்தைகள் நிகழ்ச்சியில் முழுச் சூனியக்காரியாக வந்தார். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள் என்று பெற்றோர்கள் கடிதம் எழுத, அந்தப் பகுதியை மறுபடி ஒளிபரப்பாமல் விட்டார்கள்.

பாவம், அந்த வேடத்துக்கு அவர் கொடுத்த விலை அதிகம். மன்ச்கின் ஊரிலிருந்து புகையும் தீயுமாக மறைகிற காட்சியில் தீ முந்திக்கொண்டு வந்து முகமும் கையும் வெந்துபோயின. பச்சைச் சாயத்தில் தாமிரம் இருந்ததால் காயத்தின் மேலேயே தேய்த்துத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. ஆறு வாரம் கழித்துத்தான் திரும்பினார். தகர மனிதனாக முதலில் நடித்தவர் ‘படி எப்சன்’ என்ற நடிகர். அவர் அலுமினியத் தூளை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போக, அவர் இடத்துக்கு ஜாக் ஹேலி வந்தார். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

இன்னொன்று. இது பிடித்துவிட்டது என்று 1985-இல் வந்த ‘ரிட்டர்ன் டு ஆஸ்’ படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். ஆஸைப் பற்றியே பேசுகிறாள் என்று டாரதியை மின்சாரச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவதில் தொடங்குகிறது. பிறகு அலமாரி நிறைய மாற்றுத் தலைகள் வைத்திருக்கும் ஒரு இளவரசி வருவாள். பத்து வயதுக்கு மேல் பார்க்கட்டும்.


நெல்லிமரம்

எல்லோருக்கும் நன்றி. வண்ணப்பென்சில் சொன்ன காணொளியை அவளுடன் பார்த்தேன். எனக்குத்தான் அதிகம் பிடித்தது. கனவு முடிவு பற்றி என் கருத்து மாறவில்லை. கோதுமைக்காடு சொல்கிற முகப் பொருத்தம் பெரியவர்களுக்கு ரசனை. பிள்ளைக்கு அது பதில் ஆகாது. கட்டிலைச் சுற்றி நிற்கும் ஒருவர்கூட டாரதியை நம்பவில்லை, அவள் “அது நிஜமான இடம்” என்று சொல்லச் சொல்லச் சிரிக்கிறார்கள். என் மகளுக்குக் கோபம் அதில்தான் என்று இப்போது தோன்றுகிறது. பளிங்கு உருண்டையில் அத்தைக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அத்தைக்குக் கேட்கவில்லை.

புத்தகத்தைத் தொடங்கிவிட்டோம், பச்சைக் கண்ணாடிவரை வந்தாயிற்று. இது முடிந்ததும் இரண்டாம் புத்தகம் எடுக்கலாமா?


நூலகப் பூனை

வேண்டாம், அதைத் தாண்டிப் போங்கள். 1904-இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் டாரதியே கிடையாது. உங்கள் மகள் உங்களைச் சும்மா விடமாட்டாள். மூன்றாவது ‘ஓஸ்மா ஆஃப் ஆஸ்’, 1907. அதில் டாரதி கப்பலிலிருந்து கடலில் விழுந்து, பேசும் கோழியோடு கரை சேர்வாள். அங்கிருந்து படிக்கலாம். ஆறாவது புத்தகத்தில் கடன் கட்ட முடியாமல் பண்ணை கையைவிட்டுப் போகும் நிலை வர, டாரதி எம் அத்தையையும் ஹென்றி மாமாவையும் ஆஸுக்கே கூட்டிப்போய்க் குடிவைத்துவிடுகிறாள். அத்தை தன் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்க்கிறார். பாம் எழுதியது மொத்தம் பதினான்கு. எல்லாம் காப்புரிமை முடிந்தவை, பழைய புத்தகங்களைத் தரும் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.