ரோசன்பெர்க் சுயமதிப்பு அளவுகோல்: ஒரு ஃபேக்டர் வரவேண்டிய இடத்தில் இரண்டு வருகிறது, உதவுங்கள்

கேள்வி (ஆய்வு மாணவி):
கல்லூரி மாணவர்கள் 212 பேரிடம் ரோசன்பெர்க் அளவுகோலைத் தமிழில் கொடுத்து நிரப்பி வாங்கினேன். 1965இல் வந்தது, 10 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 4 விடைகள், எல்லாமே சுயமதிப்பு என்ற ஒன்றைத்தான் அளக்கும் என்று நம்பி எடுத்தேன். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஃபேக்டர் அனாலிசிஸ் (எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன, பின்னால் எத்தனை பொதுக் காரணிகள் அதாவது ஃபேக்டர்கள் என்று பார்ப்பது) போட்டால் நேர்மறைக் கூற்றுகள் ஐந்தும் ஒரு பக்கம், எதிர்மறைக் கூற்றுகளில் நான்கு இன்னொரு பக்கம். எட்டாவது எதிலும் ஒட்டவில்லை. ரிவர்ஸ் கோடிங் (எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போடுவது) மறந்திருப்பாய் என்கிறார் கைடு. மூன்று முறை பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் ரிவ்யூ, எட்டாவதைத் தூக்கிவிடலாமா?

பதில் 1:
அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். ரிவர்ஸ் கோடிங் மறந்திருந்தால் அந்தக் கூற்றின் லோடிங் (ஃபேக்டரோடு அது ஒட்டும் அளவு) மைனஸாகும், அவ்வளவுதான், ஃபேக்டர் எண்ணிக்கை மாறாது. (கைடிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்!) எஸ்பிஎஸ்எஸ்ஸை அப்படியே ஓடவிட்டால் பிரின்சிபல் காம்பொனென்ட்ஸ் என்ற முறையில், ஐகன் மதிப்பு (ஒரு ஃபேக்டர் எவ்வளவு வேறுபாட்டை விளக்குகிறது என்ற அளவு) 1க்கு மேல் என்றுதான் எடுக்கும், அந்த விதி பல நேரம் தேவைக்கு அதிகமாக ஃபேக்டர் கொடுக்கும். பேரலல் அனாலிசிஸ் செய்யுங்கள்: உங்கள் டேட்டா அளவிலேயே தாறுமாறான எண்களை உருவாக்கி, அதில் வரும் ஐகன் மதிப்பை உங்களுடையது தாண்டுகிறதா என்று பார்ப்பது. விடைகள் நான்கே படிகள் என்பதால் சாதாரணக் கோரிலேஷனுக்குப் பதில் பாலிகோரிக் (படிப்படியான விடைகளுக்கான கோரிலேஷன்) போடுங்கள். சுழற்சி (ஃபேக்டர்கள் தெளிவாகத் தெரியும்படி திருப்பும் முறை) எது?

ஆய்வு மாணவி:
வாரிமேக்ஸ் அண்ணா (ஃபேக்டர்களுக்குள் தொடர்பே இல்லை என்று வைப்பது), சீனியர் தீசிஸில் இருந்ததைப் பார்த்துப் போட்டேன். இப்போது ஆர் என்ற மென்பொருளில் பாலிகோரிக், ப்ரோமேக்ஸ் (ஃபேக்டர்களுக்குள் தொடர்பை அனுமதிக்கும் சுழற்சி) எல்லாம் போட்டுவிட்டேன், பேரலலிலும் இரண்டுதான். கூடவே இரண்டாவது கூற்றின் லோடிங் 1.04! 1ஐத் தாண்டலாமா?

பதில் 2:
ப்ரோமேக்ஸில் தாண்டலாம், அங்கே லோடிங் என்பது கோரிலேஷன் இல்லை. அந்தக் கூற்றின் யூனிக்னெஸ் (ஃபேக்டர்கள் விளக்காத மிச்சம்) மைனஸில் போயிருக்கிறதா பாருங்கள், போயிருந்தால்தான் ஹேவுட் கேஸ், அதாவது நடக்கவே முடியாத விடை. ஓரிருவர் மட்டுமே தொட்ட விடை இருந்தாலும் பாலிகோரிக் ஆட்டம் காணும், அதைப் பக்கத்து விடையோடு சேர்த்துவிடுங்கள்.

இரண்டு ஃபேக்டர் வருவது உங்கள் தப்பில்லை. இந்த அளவுகோலில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் சங்கதி அது: எதிர்மறையாக எழுதிய கூற்றுகள் எழுதிய விதத்தாலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரே ஃபேக்டர் வைத்து, எதிர்மறைக் கூற்றுகளின் பிழைகளுக்கிடையே தொடர்பை அனுமதித்து சிஎஃப்ஏ (முன்பே சொன்ன அமைப்பு டேட்டாவுக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை) ஓட்டலாம், ஆனால் இதே 212 பேரை வைத்து இல்லை. புது ஆட்கள் வேண்டும்.

எட்டாவது வேறு நாடுகளிலும் தகராறு செய்ததுதான். என்மேல் எனக்கு இன்னும் மரியாதை இருந்தால் தேவலை என்ற ஏக்கம் மூலத்தில் சுயமதிப்புக் குறைவின் அடையாளம், தமிழில் படிப்பவரோ மரியாதை கூடினால் நல்லதுதானே என்று ஆமாம் போட்டுவிடுவார். நாலு மாணவர்களை உட்காரவைத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

ஆய்வு மாணவி:
யூனிக்னெஸ் மைனஸ்தான். இரண்டாவதில் ஒரே ஒருவர்தான் 'முற்றிலும் மறுக்கிறேன்' போட்டிருந்தார், சேர்த்ததும் 0.91க்கு இறங்கிவிட்டது. எட்டாவதைப் பற்றி ஹாஸ்டலில் ஐந்து பேரிடம் கேட்டேன், நாலு பேர் "நல்ல எண்ணம்தானே அக்கா" என்றார்கள். தூக்கவில்லை, மொழிபெயர்ப்பை மாற்றி அடுத்த சுற்றுக்குப் போகிறேன். கைடிடம் இன்னும் பேசவில்லை.